ஐலசா பள்ளிக்கூடங்கள்

2004-ம் வருடம், ஜனவரி 12. கென்யாவின் எல்டோரெட் நகரம். அங்கே கப்கெண்டுய்வோ ஆரம்பப் பள்ளி என்று ஒன்று இருக்கிறது. (வாய்க்குள் நுழையாவிட்டால் பரவாயில்லை, விட்டுவிடுங்கள். இனி அதிகம் வராது.) அதன் வாசலில் ஒரு தாத்தா வந்து நின்றார். கையில் ஊன்றுகோல். அரை டிராயர். முழங்கால் வரை இழுத்துவிட்ட சாக்ஸ். கிட்டத்தட்ட யூனிஃபார்ம்.

பேரனைக் கொண்டுவந்து விட வந்திருக்கிறார் என்றுதான் யாரும் நினைப்பார்கள். பேரப்பிள்ளைகளில் இரண்டு பேர் அங்கே படித்துக்கொண்டும் இருந்தார்கள். ஆனால் தாத்தா வந்தது அதற்கில்லை. தன்னை ஒன்றாம் வகுப்பில் சேர்த்துக்கொள்ளச் சொல்லி வந்திருந்தார்.

பெயர் கிமானி மாருகே. வயது 84. 1950-களில் வெள்ளைக்காரனை எதிர்த்து மவ் மவ் கிளர்ச்சியில் சண்டை போட்டவர். பள்ளிக்கூடத்துப் பக்கம் அதுவரை ஒதுங்கியதே கிடையாது. சாவதற்குள் பைபிளைத் தானே படித்துவிட வேண்டும், அவ்வளவுதான் ஆசை. தொடக்கக் கல்வி இலவசம் என்று அரசாங்கம் அறிவித்திருந்தது. வயது வரம்பு பற்றி யாரும் பேசவில்லையே? தலைமை ஆசிரியை சேர்த்துக்கொண்டார். கின்னஸ் புத்தகத்தில் பெயர் வந்தது. மறு வருடமே அந்த ஒன்றாம் வகுப்பு மாணவர் விமானம் ஏறி நியூயார்க் போய், ஐ.நா. சபையில் இலவசக் கல்வியைப் பற்றிப் பேசிவிட்டுத் திரும்பினார். பின்னால் சினிமாகூட எடுத்தார்கள்.

உலகமே தாத்தாவைப் பார்த்துக் கைதட்டிக்கொண்டிருந்தது. அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆறு வயதுக் குழந்தை என்ன படித்தது, எதைப் புரிந்துகொண்டது என்பதை மட்டும் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. நான் சொல்ல வந்தது அந்தக் குழந்தையின் கதையை.

கொஞ்சம் பின்னால் போய்விட்டு வரலாம்.

வெள்ளைக்காரர்கள் ஆண்ட கென்யாவில் பள்ளிக்கூடம் மூன்று தினுசு. வெள்ளைக்காரக் குழந்தைகளுக்கு ஒன்று. ரயில் பாதை போட வந்தவர்கள், பின்னாலேயே கடை போட வந்தவர்கள் என்று அங்கே தங்கிவிட்ட இந்தியர்களின் பிள்ளைகளுக்கு இன்னொன்று. மிச்சம் மீதி, அந்த மண்ணின் குழந்தைகளுக்கு. அதுவும் பெரும்பாலும் பாதிரியார்கள் நடத்தியது. கொஞ்சம் எழுத்து, கொஞ்சம் பைபிள், நிறைய கைவேலை.

1963 டிசம்பர் 12-ல் சுதந்தரம் வந்தது. ஜோமோ கென்யாட்டா தலைவரானார். அவர் மக்களுக்குக் கொடுத்த கோஷம், ஹராம்பே. சேர்ந்து இழுங்கடா என்று அர்த்தம். நம்ம ஊர் ஐலசாதான், வேறொன்றுமில்லை. அந்த ஒரு வார்த்தையை நம்பி ஊர் ஊராக மக்கள் காசு போட்டு, கல் சுமந்து, தாங்களே பள்ளிக்கூடங்களைக் கட்டினார்கள். ஹராம்பே பள்ளிகள் என்றே அவற்றுக்குப் பெயர்.

கட்சித் தேர்தல் அறிக்கையில் ஏழு வருட இலவசக் கல்வி என்று வாக்குறுதி இருந்தது. அது பாதி நிறைவேறவே பத்து வருடம் ஆனது. 1974-ல் முதல் நான்கு வகுப்புகளுக்குக் கட்டணம் ரத்து. அவ்வளவுதான், 18 லட்சமாக இருந்த மாணவர் எண்ணிக்கை ஒரே மூச்சில் 28 லட்சத்தை நெருங்கிவிட்டது. எங்கே உட்கார வைப்பது? இடமில்லை. எனவே பள்ளிகள் கட்டட நிதி என்று ஒன்றை வசூலிக்க ஆரம்பித்தன. பீஸ் கிடையாது, ஆனால் கட்டட நிதி உண்டு. நமக்குத் தெரியாத வித்தையா என்ன? வந்த வேகத்திலேயே ஏராளமான பிள்ளைகள் திரும்பிப் போனார்கள்.

கென்யாட்டாவுக்குப் பிறகு டேனியல் அராப் மோய். 1979-ல் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசப் பால் கொடுத்தார். 1985-ல் எட்டு வருட ஆரம்பப் பள்ளி என்று அமைப்பை மாற்றி, எட்டாம் வகுப்பு முடிவில் நாடு முழுவதற்கும் ஒரே பொதுத்தேர்வு வைத்தார். இந்தத் தேர்வை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், வில்லன் வேஷம் பாதி அதற்குத்தான். எண்பதுகளின் கடைசியில் கஜானா காலி. உலக வங்கியும் ஐ.எம்.எஃப்பும் கை கொடுத்தன, கூடவே கையில் ஒரு காகிதமும் கொடுத்தன. செலவைப் பெற்றோரோடு பகிர்ந்துகொள். நாகரிகமான வார்த்தை. பழையபடி பீஸ் வாங்கு என்பதுதான் விஷயம். தொண்ணூறுகள் முழுக்கப் பள்ளிக்கு வரும் பிள்ளைகளின் விகிதம் இறங்குமுகம்.

2002 டிசம்பரில் தேர்தல். கிட்டத்தட்ட நாற்பது வருடம் ஆண்ட கட்சி மண்ணைக் கவ்வியது. ம்வாய் கிபாகி ஜெயித்தார். சில வாரங்களுக்கு முன்னால் நடந்த கார் விபத்தில் காயம்பட்டு, சக்கர நாற்காலியில் வந்து பதவிப் பிரமாணம் எடுத்தார் மனிதர். பிரசாரத்தில் சொன்னதை உடனே செய்தார். 2003 ஜனவரி முதல் எட்டாம் வகுப்பு வரை கட்டணம் கிடையாது. பிள்ளை ஒன்றுக்கு வருடத்துக்கு 1,020 ஷில்லிங் அரசாங்கமே பள்ளிக்குத் தரும்.

59 லட்சமாக இருந்த மாணவர் எண்ணிக்கை அந்த வருடமே 72 லட்சம் ஆனது. ஒரு டிவி பேட்டியில், உயிரோடு இருப்பவர்களில் யாரைச் சந்திக்க ஆசை என்று பில் கிளிண்டனைக் கேட்டார்கள். கென்யாவின் ஜனாதிபதியை என்றார். பீஸை ஒழித்தாரே, அதற்காக.

நான் பி.காம். படித்துவிட்டுப் பத்திரிகைக்கு வந்தவன். எதைப் பார்த்தாலும் பற்று, வரவு என்று இரண்டு பத்தியாகத்தான் கண்ணுக்குத் தெரியும். இந்த 72 லட்சம் பிரமாதமான எண், சந்தேகமே இல்லை. ஆனால் அது எத்தனை பேர் உள்ளே வந்தார்கள் என்கிற கணக்கு. உள்ளே வந்தவர்கள் என்ன கற்றார்கள் என்கிற பத்தி காலியாகவே கிடந்தது.

அந்தப் பத்தியில் முதலில் பேனாவை வைத்தவர் ஒரு அமெரிக்கர். மைக்கேல் க்ரெமர். கல்லூரி முடித்த கையோடு மேற்குக் கென்யாவில் வாத்தியாராக வேலை பார்த்தவர். பிறகு பொருளாதாரம் படித்துப் பெரிய பேராசிரியராகி, தொண்ணூறுகளின் நடுவில் பழைய பாசத்தில் கென்யாவுக்கு ஒரு நடை வந்தார். உகாண்டா எல்லையோரம் புசியா என்கிற மாவட்டத்தில் நண்பர் ஒருவர் டச்சுத் தொண்டு நிறுவனத்தில் இருந்தார். பள்ளிகளுக்கு உதவி செய்யப்போவதாக நண்பர் சொல்ல, க்ரெமர் ஒரு யோசனை சொன்னார். மொத்தமாகச் செய்யாதே. பள்ளிகளைக் குலுக்கிப் போடு. பாதிக்கு இப்போது கொடு, மீதிக்குப் பிறகு கொடு. இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று பார்க்கலாம். மருந்துக் கம்பெனிக்காரர்கள் செய்கிற அதே காரியம்.

முதலில் பாடப் புத்தகம். பல பிள்ளைகளுக்கு ஒரு புத்தகம் என்று அடித்துக்கொண்டிருந்த பகுதி அது. 100 பள்ளிகளை எடுத்து, அவற்றில் 25-க்கு 1996-ல் புத்தகங்கள் கொடுத்தார்கள். மார்க் எகிறும் என்றுதானே நீங்களும் நானும் நினைப்போம்?

ம்ஹூம். சராசரி மார்க் அசையவே இல்லை.

இன்னும் நுணுக்கிப் பார்த்தபோது ஒன்று தெரிந்தது. ஏற்கெனவே நன்றாகப் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் மட்டும் புத்தகத்தால் முன்னேறியிருந்தார்கள். மற்றவர்களுக்கு அது வெறும் காகிதம். ஏன்? புத்தகம் இங்கிலீஷில் இருந்தது. அந்தப் பிள்ளைகள் வீட்டில் பேசுவது ஒரு மொழி. கடைத்தெருவில் ஸ்வாஹிலி. இங்கிலீஷ் மூன்றாவது. படிக்கவே தெரியாதவன் கையில் புத்தகத்தைக் கொடுத்தால் அவன் என்ன செய்வான்? படம் பார்ப்பான். படங்கள் போட்ட பெரிய அட்டைகளைச் சுவரில் மாட்டிப் பார்த்தார்கள், அதற்கும் பலனில்லை. பூச்சி மாத்திரை கொடுத்தார்கள். அது நன்றாக வேலை செய்தது, பள்ளிக்கு மட்டம் போடுவது கால்பங்கு குறைந்தது. ஆனால் மார்க்? அப்படியே. வந்து உட்கார்ந்தார்கள், ஆனால் வகுப்பு அவர்கள் தலைக்கு மேலே போய்க்கொண்டிருந்தது.

இங்கேதான் அந்த எட்டாம் வகுப்புத் தேர்வு வருகிறது. பள்ளிக்கூடத்துக்கு நல்ல பெயர் எதனால்? அந்தத் தேர்வில் எத்தனை பேர் நல்ல மார்க் வாங்கினார்கள் என்பதால். மார்க் வாங்கப்போவது யார்? முன் பெஞ்சு. எனவே வாத்தியார் முன் பெஞ்சைப் பார்த்துப் பாடம் நடத்துவார். அவர் கெட்டவர் இல்லை. சிலபஸ் என்று ஒரு ரயில் ஓடுகிறது, அதை அவர் நேரத்துக்கு ஓட்டியாக வேண்டும். ஏறியவன் ஏறினான், ஏறாதவன் பிளாட்பாரத்தில். நானும் கடைசி பெஞ்சு ஆசாமிதான். ஏழாம் வாய்ப்பாட்டில் நான் தடுமாறிக்கொண்டிருந்தபோது வகுப்பு பின்னத்துக்குப் போய்விட்டது. வீட்டில் ஒரு சித்தப்பா இருந்ததால் பிழைத்தேன். புசியாவில் எத்தனை வீட்டில் சித்தப்பாவுக்குப் படிக்கத் தெரிந்திருக்கும்?

இலவசக் கல்வி வந்தபின் ஒன்றாம் வகுப்பில் எண்பது, தொண்ணூறு பேர் நெருக்கியடித்தார்கள். 2005-ல் க்ரெமரும், எஸ்தர் டுஃப்லோ, பாஸ்கலின் துபா என்கிற இரண்டு பொருளாதார நிபுணர்களும் மேற்குக் கென்யாவில் 121 பள்ளிகளில் இன்னொரு காரியம் செய்தார்கள். ஒரு ஆசிரியரைக் கூடுதலாகப் போட்டு வகுப்பை இரண்டாகப் பிரித்தார்கள். பாதிப் பள்ளிகளில் குத்துமதிப்பாகப் பிரித்தார்கள். மீதியில் நன்றாகப் படிக்கிறவர்கள் ஒரு பக்கம், திணறுகிறவர்கள் ஒரு பக்கம். இரண்டாவதைக் கேட்டால் நமக்கே கொஞ்சம் வயிற்றெரிச்சலாக இருக்கும். மக்குப் பிள்ளைகளை ஒதுக்குவதா? ஆனால் பதினெட்டு மாதத்துக்குப் பிறகு பார்த்தால், பின்தங்கியிருந்தவர்களும் குத்துமதிப்பு வகுப்பில் இருந்தவர்களைவிட நன்றாகக் கற்றிருந்தார்கள். வாத்தியார் கடைசியில் அவர்களைப் பார்த்துப் பாடம் நடத்தினார், அதுதான் ரகசியம்.

இதெல்லாம் ஆராய்ச்சி. பேராசிரியர்கள் படிப்பார்கள், 2019-ல் நோபல் பரிசும் கிடைத்தது. ஆனால் கென்யாவின் அம்மா அப்பாக்களுக்கு விஷயம் எப்படித் தெரிந்தது? அந்த இடத்தில் கதைக்குள் இந்தியா வருகிறது.

பம்பாயில் மாதவ் சவான் என்று ஒரு கெமிஸ்ட்ரி பேராசிரியர் இருந்தார். தொண்ணூறுகளின் நடுவில் குடிசைப் பகுதிப் பிள்ளைகளுக்காக, வேறு சிலரோடு சேர்ந்து ப்ரதம் என்ற அமைப்பை ஆரம்பித்தார். மூணாவது, நாலாவது படிக்கிற பிள்ளைகளுக்கே வாசிக்கத் தெரியாமலிருப்பதைப் பார்த்து அவர்கள் செய்த ஆயுதம் ஒரே ஒரு தாள். மேலே சில எழுத்துகள். அப்புறம் சில வார்த்தைகள். அப்புறம் நான்கு வரி. கடைசியில் ஒரு குட்டிக் கதை, இரண்டாம் வகுப்புத் தரத்தில். பிள்ளை எதுவரை படிக்கிறதோ அதுதான் அதன் இடம். கணக்குக்கும் இதே மாதிரி. எண்ணை அடையாளம் கண்டுகொள்வதில் ஆரம்பித்து வகுத்தல் வரை. 2005-ல் இந்தத் தாளோடு இந்தியக் கிராமங்களில் வீடு வீடாகப் போனார்கள். அசர் என்று பெயர் வைத்தார்கள், இந்தியில் விளைவு என்று அர்த்தம். நம்ம தமிழ்நாட்டுக் கிராமங்களுக்கும் வந்தார்கள்.

2009-ல் கென்யா, டான்சானியா, உகாண்டா மூன்று நாட்டிலும் அதே மாதிரி ஆரம்பித்தார்கள். பெயர், உவேசோ. ஸ்வாஹிலியில் திறன். அந்தந்தப் பகுதித் தொண்டர்கள் கையில் தாள். கென்யாவில் இங்கிலீஷில் ஒன்று, ஸ்வாஹிலியில் ஒன்று, கணக்கில் ஒன்று.

முக்கியமான விஷயம், பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை. வீட்டுக்குப் போனார்கள். பள்ளியில் போய்க் கேட்டால் அன்றைக்கு வராத பிள்ளை கணக்கில் விட்டுப்போகும். கெட்டிக்காரப் பிள்ளையை முன்னால் தள்ளுவதும் நடக்கும். வீட்டில் அந்தச் சோலியெல்லாம் இல்லை. அடுப்புப் பக்கத்தில் அம்மா நிற்கிறாள். அவளுக்குப் படிக்கத் தெரியாமல் இருக்கலாம். ஆனால் அஞ்சாவது படிக்கிற பையன் தாளைக் கையில் வைத்துக்கொண்டு திருதிருவென்று முழிப்பதைப் புரிந்துகொள்ளப் படிப்பு எதற்கு?

2012-ல் வந்த உவேசோ அறிக்கையின் சாரம் இது. கென்யாவில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் பத்துப் பேரில் மூன்று பேரால்தான் இரண்டாம் வகுப்புப் பாடத்தைச் செய்ய முடிகிறது. கிழக்கு ஆப்பிரிக்காவில் கென்யாதான் இதில் முதலிடம் என்பதைச் சேர்த்துப் படித்தால் அக்கம்பக்கத்து நிலவரம் விளங்கும். காலியாகக் கிடந்த பத்தியில் கடைசியில் எண் விழுந்துவிட்டது.

இந்த எண்களையெல்லாம் பார்க்க மாருகே தாத்தா இல்லை. 2008 தேர்தல் கலவரத்தில் உடைமைகளைப் பறிகொடுத்து அகதி முகாமுக்குப் போனார். அங்கிருந்தும் நான்கு கிலோமீட்டர் தள்ளியிருந்த பள்ளிக்குத் தினமும் போய்க்கொண்டிருந்தார். 2009 ஆகஸ்டில் காலமானார்.

வியாதி தெரிந்துவிட்டது. மருந்து? கென்ய அரசு 2015 ஜனவரியில் துசோமே என்ற திட்டத்தை நாடு முழுவதும் இறக்கியது. வாசிப்போம் வா என்று வைத்துக்கொள்ளுங்கள். பணம் அமெரிக்காவும் பிரிட்டனும் கொடுத்தது. சுமார் 23,000 அரசுப் பள்ளிகள். பிள்ளைக்கு ஒரு புத்தகம், ஆனால் இந்த முறை அந்தப் பிள்ளையால் படிக்க முடிகிற புத்தகம். ஆசிரியருக்கு இன்றைக்கு என்ன, நாளைக்கு என்ன என்று நாள்வாரியாகக் கையேடு. அப்புறம், எனக்கு மிகவும் பிடித்த பகுதி. வட்டார அதிகாரிகள் கையில் ஆளுக்கொரு டேப்லெட். அதிகாரி வகுப்பின் பின்னால் உட்கார்ந்து பாடத்தைப் பார்க்க வேண்டும். சில பிள்ளைகளைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்ல வேண்டும். ஆசிரியருக்கு யோசனை சொல்ல வேண்டும். இதெல்லாம் டேப்லெட்டில் ஏறினால்தான் அவருக்குப் பயணப்படி! கணக்கெழுதத் தெரிந்த யாரோ ஒரு புண்ணியவானின் மூளை.

இரண்டாம் வகுப்பில் இங்கிலீஷ் வாசிப்பில் தேறியவர்கள் நூற்றுக்கு 34-லிருந்து 65 ஆனார்கள். அதுவும் இரண்டு வருடங்களுக்குள். ஆசிரியர்களைக் கிளிப்பிள்ளை ஆக்குகிறார்கள் என்று குறை சொன்னவர்களும் உண்டு. கையேட்டை அப்படியே ஒப்பிக்கிற வாத்தியார் எனக்கும் பிடிக்காது. ஆனால் தொண்ணூறு பிள்ளைகளோடு, பயிற்சியும் இல்லாமல் நிற்கிறவருக்குக் கையேடு ஊன்றுகோல். அதைப் பிடுங்கிவிட்டுச் சுதந்தரமாக நட என்றால் எப்படி?

துசோமே வாசிப்புக்கு மட்டும்தான், அதுவும் சின்ன வகுப்புகளுக்கு. ஏற்கெனவே மூணாவது, நாலாவது தாண்டிவிட்ட பிள்ளைகள்? ஜாம்பியா அந்தப் பக்கத்தைப் பிடித்தது. 2016-ல் 80 பள்ளிகளில் ஆரம்பித்து, பிறகு ஆயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிகளுக்குப் போனது. கேட்ச் அப் என்று பெயர். பிடித்துவிடு என்று. மூன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளைத் தினமும் ஒரு மணி நேரம் வகுப்பு பார்க்காமல், அந்த ஒற்றைத் தாளில் அவர்கள் நின்ற இடத்தைப் பார்த்துப் பிரித்து உட்கார வைப்பது. எழுத்து தெரியாதவர்கள் ஒரு மரத்தடி. வார்த்தை வரை வந்தவர்கள் இன்னொன்று.

சொல்லிக்கொடுக்கும் முறையும் இந்தியாவிலிருந்து போனதுதான். நம்ம க, கா, கி, கீ மாதிரி வடநாட்டில் பாராகடி அட்டவணை உண்டு இல்லையா? அது அங்கே ப, பெ, பி, பொ, பு என்று உள்ளூர் மொழிக்கு மாறியது. அந்த மொழிகளுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி பொருந்தியது. தரையில் சாக்பீஸால் எழுத்தை எழுதிவிட்டு, சொல்லச் சொல்லக் குதிப்பார்கள். பாண்டி விளையாட்டுதான். கணக்குக்குக் குச்சிகள். பத்துக் குச்சியை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டினால் ஒரு கட்டு. 23 என்றால் இரண்டு கட்டு, மூன்று உதிரி. கட்டைப் பிரிக்காமல் 23-லிருந்து 7-ஐக் கழிக்க முடியாது என்று பிள்ளைக்குக் கையால் தெரிந்துவிடும். கடன் வாங்கிக் கழித்தல் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். யாரிடம் கடன், எப்போது திருப்பிக் கொடுப்பது என்று கடைசிவரை சொல்லவே இல்லை.

எல்லாமே ஜெயித்துவிடவில்லை. கானாவில் 2010-க்குப் பிறகு வேலையில்லாத இளைஞர்களை உதவி ஆசிரியர்களாகப் போட்டுச் செய்து பார்த்தார்கள். பிள்ளைகள் முன்னேறினார்கள். ஆனால் இளைஞர்களுக்குச் சம்பளம் நேரத்துக்கு வரவில்லை. அப்புறம் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

2020-ல் கொரோனா வந்து பள்ளிகள் மூடியபோது போட்ஸ்வானாவில் ஒரு முயற்சி நடந்தது. சுமார் 4,500 குடும்பங்கள். சிலருக்கு வாரம் ஒரு எஸ்.எம்.எஸ்., அதில் கணக்கு. சிலருக்கு எஸ்.எம்.எஸ்ஸோடு ஒரு போன், இருபது நிமிடம். சாதாரண பட்டன் போன்தான். ஸ்பீக்கரைப் போடச் சொல்லி, அம்மாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பிள்ளைக்கு எந்தக் கணக்கு வரவில்லையோ அதைச் சொல்லிக்கொடுத்தார்கள். வெறும் எஸ்.எம்.எஸ். பெரிதாகப் பயன்படவில்லை. போன் பேசிய வீடுகளில் கணக்கே வராத பிள்ளைகளின் விகிதம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தது.

ஆனாலும் மொத்தக் கணக்கைப் பார்த்தால் வயிற்றைக் கலக்குகிறது. 2022-ல் உலக வங்கி வெளியிட்ட மதிப்பீட்டின்படி, சஹாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்காவில் பத்து வயதுப் பிள்ளைகள் நூறு பேரில் 89 பேரால் ஓர் எளிய கதையைப் படித்துப் புரிந்துகொள்ள முடியாது. கென்யாவின் அந்த எட்டாம் வகுப்புத் தேர்வு 2023-ல் கடைசித் தடவையாக நடந்து முடிந்தது. 2025-ல் அமெரிக்க அரசின் யு.எஸ்.எய்ட் அமைப்பை இழுத்து மூடினார்கள். அதன் பணத்தில் ஆப்பிரிக்காவில் நடந்துகொண்டிருந்த வாசிப்புத் திட்டங்கள் பல பாதியில் நின்றன. புத்தகம் அச்சடிக்க, டேப்லெட் வாங்க, பயணப்படி கொடுக்க இனி அந்தந்த அரசாங்கம்தான் காசு தேட வேண்டும்.

குச்சிக்கு மட்டும் பட்ஜெட் கிடையாது. பள்ளிக்கூடத்துப் பின்னால் போய் ஒடித்துக்கொண்டு வந்துவிடலாம்.